அக்கி ஆறிய பின்னும் ஆறாத வலி

அக்கி கண்டால் குயவரிடம் சென்று செங்காவி எழுதிக்கொள்வது, எங்கள் மேல்மலையனூர் போன்ற சிற்றூர்களில் நெடுநாளைய வழக்கம். கொப்புளம் சில வாரங்களில் தானே ஆறிவிடும். புகழ் காவிக்குச் சேரும். ஆனால் முதியோர் சிலருக்குத் தோல் ஆறிய பின்னும் எரிச்சல் மாதக்கணக்கில் நீடிக்கிறது. மேலாடை பட்டாலும் துடிக்கிறார்கள். சின்னம்மையை உண்டாக்கிய நச்சுயிரி, தண்டுவடத்தை அடுத்த நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடந்து, பின்னாளில் விழித்து நரம்பையே புண்படுத்திவிடுவதுதான் காரணம்.

இவ்வலிக்கு மின்தூண்டல் என்றொரு துணைச் சிகிச்சை உண்டு. 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் அறிஞர் இருவர், தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாயில் உண்டென்றனர். தொடுவுணர்ச்சியைக் கொணரும் பருத்த நரம்பிழைகளைத் தூண்டினால் அவ்வாயில் ஒடுங்குமாம். அடிபட்ட முழங்காலைப் பிள்ளைகள் தேய்த்துக்கொள்வதைப் பள்ளியில் எத்தனை முறை கண்டிருக்கிறேன்! தோலில் ஒட்டிய பட்டைகள் வழியே செல்லும் மெல்லிய மின்துடிப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. மருந்துக்கு அடங்காத சிலருக்குத் தண்டுவடத்தருகே மின்முனை பதிப்பதும் உண்டு. நரம்பை இது குணப்படுத்தாது. வலியைச் சிலருக்குத் தணிக்கும், சிலருக்குத் தணிக்காது. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதனை நாடலாகாது.

நேயர்களே, நச்சுயிரியை அடக்கும் மாத்திரை, கொப்புளம் கண்ட 72 மணி நேரத்திற்குள் தொடங்கினால்தான் நன்கு பயன்படும். கண்ணருகே கண்டாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.