வெட்டாற்றுத் தூண்டில் – 14: கடிக்காத மீன்

போன வாரம் நரம்பும் முடிச்சும் பார்த்தோம். மறந்தவர்கள், பழைய இதழ் பஜ்ஜி மடிக்கப் போகாமல் வீட்டில் இருந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பச் சொல்ல எனக்கு இடம் கிடையாது.

இந்த வாரம் பொம்மை மீன். அதாவது லூர். கொடுவாவுக்கு எந்த லூர் எடுப்பது, எப்படி இழுப்பது, பாலத்து விளக்கடியில் ராத்திரி எப்படி வீசுவது என்று எல்லாவற்றையும் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு நன்னாரி சர்பத் வந்து திசை திருப்பிவிட்டது.

முதலில் பெட்டி விஷயம். நாகூருக்கு வடக்கே வெட்டாறு கடலில் விழுகிற இடத்தில், என் லூர் பெட்டியைப் பார்த்தாலே சிரிக்கிற நானா ஒருவர் உண்டு. ஐம்பது வருஷமாகக் கைத்தூண்டில் போடுகிறவர். உயிர் இறாலும் மடவைக் குஞ்சும் தவிர வேறு எதையும் முள்ளில் குத்தியதில்லை. ஒருநாள் ஒரு புது லூரின் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பேரனைப் படிக்கச் சொன்னார். "பாஸ்" என்றான் பையன்.

"யாரு தம்பி பாஸு? மீனா, நீங்களா?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்குப் பதில் நன்றாகத் தெரிந்துவிட்டது. ஏழு மணி நேரத்தில் எனக்கு ஒன்றும் இல்லை. நானாவுக்கு இரண்டு கொடுவா, ஒரு செங்கண்ணி.

அட்டையில் இருந்த பாஸ், அமெரிக்கா ஏரிகளில் கிடைக்கும் பெருவாய் பாஸ். நன்னீர் மீன். நம் ஆற்றுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நம் கொடுவாவை வெளிநாட்டுச் சந்தையில் 'ஆசியக் கடல் பாஸ்' என்று விற்கிறார்கள்; வங்காளத்தில் பெட்கி, மலேசியாவில் சியாகாப், ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி. பெயரளவில் மட்டும்தான் பாஸ். இருந்தும் அந்த ஏரி மீனுக்காகச் செய்த லூர் நாகூரில் வேலை செய்கிறது. ஏன் என்பதுதான் நான் இந்த வாரம் பிடித்த மீன்.

கொடுவா கடிப்பதில்லை. குடிக்கிறது.

அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? (செத்த மீனில்.) வஞ்சிரம் மாதிரி வெட்டுப் பல் கிடையாது. சீலா மாதிரி கோரைப் பல்லும் கிடையாது. உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு எதையும் கடித்துத் துண்டாக்க முடியாது. ஆகவே வேறு வழி வைத்திருக்கிறது. இரை பக்கத்தில் வந்ததும் வாயை முன்னால் நீட்டித் திறந்து, தொண்டையைத் தாழ்த்தி, இரண்டு பக்கமும் செவுள் மூடியை விரிக்கிறது. உள்ளே திடீரென்று இடம் பெருகுகிறது, அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கிற தண்ணீர் அந்தக் காலியிடத்துக்குப் பாய்கிறது. இரையும் கூடவே போகிறது. வாய் மூடுகிறது, தண்ணீர் செவுள் வழியாக வெளியேறிவிடும், மீன் குஞ்சு உள்ளே தங்கிவிடும். நாம் ஒருமுறை கண்ணை இமைத்துத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இந்த உறிஞ்சல் எவ்வளவு தூரம் வேலை செய்யும்? இங்கேதான் சர்பத் வருகிறது. தர்கா பக்கத்துக் கடை ஒன்றில் சப்ஜா விதை போட்ட சர்பத் குடித்துக்கொண்டிருந்தேன். ஸ்ட்ராவின் வாய் விதைக்குப் பக்கத்தில் இருந்தால் உறிஞ்சின மறுகணம் விதை நாக்கில். ஒரு விரற்கடை தள்ளி வைத்து உறிஞ்சினால் சர்பத் மட்டும் வருகிறது, விதை நின்ற இடத்தில் லேசாக ஆடுகிறது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். மூன்று டம்ளர். கடைக்காரர் என்னைக் கவலையோடு பார்த்தார்.

மீனின் கதையும் இதேதான். மீன்களின் வாயை ஆராய்ந்தவர்கள் சொல்கிற கணக்கு: திறந்த வாயின் குறுக்களவு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்துக்குத்தான் உறிஞ்சலுக்குப் பலம். அதற்கப்பால் தண்ணீர் அசையாத மாதிரிதான். நான்கு விரல் அகலம் வாய் திறக்கிற கொடுவாவுக்கு நான்கு விரல் தூரத்துக்குள் வந்தால்தான் இரை. பெருவாய் பாஸும் இப்படி உறிஞ்சுகிற ஜாதிதான். அதனால்தான் அந்த அட்டைப்பெட்டி இங்கேயும் செல்லுபடியாகிறது.

இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறினதும், இத்தனை நாள் நான் லூரை இழுத்த விதத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. விடாமல் சுற்றிக்கொண்டே இருப்பேன். நரம்பு வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இருக்கும். அந்த விறைப்பில் கட்டிய லூர், மீன் உறிஞ்சினால் எப்படி உள்ளே போகும்? நான் இந்தப் பக்கம் இழுக்கிறேன், அது அந்தப் பக்கம் உறிஞ்சுகிறது. தண்ணீர் போகிறது, லூர் நிற்கிறது. என் ஸ்ட்ரா சோதனையில் விதையை நூலில் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி. 'தட்டிட்டுப் போயிடுச்சு' என்று நாம் கரையில் நின்று புலம்புகிறோமே, அதில் பாதி தட்டே இல்லை. குடிக்கப் பார்த்து முடியாமல் போனது.

ஆகவே இழுத்து நிறுத்த வேண்டும். ராட் நுனியால் இரண்டு சின்ன வெட்டு, பிறகு சும்மா. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற வரை சும்மா. நரம்பில் லேசான தொய்வு இருக்கட்டும். கொடுவா எடுப்பது பெரும்பாலும் அந்தச் சும்மாவில்தான். லூரை இறுக்கி முடிபோடாமல் சின்ன வளையமாக விட்டுக் கட்டச் சொன்னேன் அல்லவா, போன வாரம்? அதன் காரணமும் இதுதான்.

நிறுத்தும்போது லூர் என்ன செய்கிறது என்பதில்தான் தேர்வே இருக்கிறது. சிலது மேலே எழும்பும். சிலது மூழ்கும். சிலது விட்ட இடத்திலேயே அந்தரத்தில் தொங்கும். தொங்குகிறதை வாங்குங்கள். கடையில் 'சஸ்பெண்டிங்' என்று கேட்க வேண்டும். மிதக்கிற லூரே கையில் இருந்தாலும் பாதகமில்லை. ரேடியோ பழுதுபார்க்கிற கடையில் பற்றவைக்கிற ஈயக் கம்பி கிடைக்கும். முள்ளின் தண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி வாளியில் விட்டுப் பாருங்கள். தொங்குகிற வரைக்கும் கூட்டியும் குறைத்தும் பார்த்தால் போதும்.

ஆனால் குழாய்த் தண்ணீரில் சோதிக்காதீர்கள். இதில் நான் ஏமாந்திருக்கிறேன். கடல் நீர் நன்னீரைவிட ஏறக்குறைய இரண்டரை சதவீதம் கனம். 20 கிராம் லூருக்கு அது அரை கிராம் வித்தியாசம். தொங்குவதா மூழ்குவதா என்பதை முடிவு செய்ய அரை கிராம் தாராளம். வெட்டாறு வருஷம் முழுக்க ஒரே தண்ணீரா? கல்லணையில் பிரிகிற வெண்ணாறு தென்பெரம்பூரில் வெட்டாற்றைப் பிரித்துவிட, அது தஞ்சாவூர் ஜில்லாவையும் திருவாரூரையும் கடந்து கடைமடையாகிய நாகூருக்கு வந்து சேர்கிறது. சித்திரை வைகாசியில் மேலிருந்து சொட்டு வராது. முகத்துவாரத்தில் இருப்பது முழுக்க உப்புத் தண்ணீர். ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டினால் வயல் வடிகால் எல்லாம் இதில்தான் விழும். மேல்தண்ணீர் செம்மண் குழம்பாக, நன்னீராக ஓடும். ஏப்ரலில் அழகாகத் தொங்கின லூர் நவம்பரில் கல் மாதிரி உள்ளே போகும். நானும் அது உடைந்து தண்ணீர் ஏறிவிட்டது என்று நினைத்து ஒன்றைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். பாவம், அதன் மேல் தப்பில்லை. ஆற்றுத் தண்ணீரையே ஒரு வாளி மொண்டு அங்கேயே சோதியுங்கள்.

அளவு பற்றி. ஐந்து அங்குல லூரைப் பார்த்து 'இவ்வளவு பெரிசா?' என்று தயங்க வேண்டாம். கொடுவா தன் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கிற சொந்தத் தம்பியையே விழுங்கும். பொரிப்பகத்துக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1997-ல் சென்னையில் இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இந்தியாவில் முதன்முதலாகக் கொடுவாவைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யவைத்துக் குஞ்சு எடுத்தது. நம் பக்கத்திலும் சீர்காழிக்குக் கிழக்கே தொடுவாயில் கொடுவாப் பொரிப்பகம் இருக்கிறது. குஞ்சு வளர்க்கிறவர்களைக் கேளுங்கள். சில நாளுக்கு ஒருமுறை பெரிசு சின்னது என்று சல்லடை போட்டுப் பிரிக்காவிட்டால் தொட்டியில் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும், திருடன் யாரும் வராமலே.

நிறத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. தண்ணீர் தெளிந்திருந்தால் மடவை மாதிரி வெள்ளி. கலங்கியிருந்தால் கறுப்போ கரும்பச்சையோ. கலங்கலில் அது கண்ணை மட்டும் நம்பி வேட்டையாடுவதில்லை. செவுளுக்குப் பின்னாலிருந்து உடம்பில் ஓடுகிற பக்கக்கோடு வால் துடுப்பின் மேலேயும் நீண்டுபோகிறது. தண்ணீரின் அதிர்வைக் கேட்பது அந்தக் கோடுதான். ஆகவே கலங்கலில் வால் படபடவென்று அடிக்கிற ரப்பர் மீன் நல்லது. அதைக் குத்த 15 கிராம் ஜிக் ஹெட், அதாவது ஈயத் தலை வைத்த முள், போதும். வத்தத்தில், அதாவது கடல் தண்ணீர் வடிகிற நேரத்தில், வடிகால் வாய்க்கால் ஆற்றில் சேர்கிற மூலையைப் பாருங்கள். இறாலும் குஞ்சும் தண்ணீரோடு இறங்கி வரும். கொடுவா நீரோட்டத்தைப் பார்த்த முகமாக நிற்கும். மேலே வீசி, ஓட்டத்தோடு வரவிடுங்கள். கீழேயிருந்து மேல்நோக்கி நீந்தி வருகிற இறாலை அது எங்கே பார்த்திருக்கிறது?

இந்தப் பொம்மை மீன் யோசனை யாருடையது என்று தேடியபோது பின்லாந்தில் ஒரு மீனவர் கிடைத்தார். லௌரி ராபலா. பையன்னே ஏரியில் வலை, தூண்டில் இரண்டும் போட்டுப் பிழைத்தவர். பெரிய மீன் கூட்டத்தில் பாயும்போது, நன்றாக நீந்துகிற குஞ்சை விட்டுவிட்டுக் கோணிக்கொண்டு தடுமாறுகிற ஒன்றைத்தான் பிடிக்கிறது என்று கவனித்தார். 1936-ல் தக்கைக் கட்டையைச் செருப்புத் தைக்கிற கத்தியால் சீவி, தடுமாறி நீந்துகிற ஒரு பொம்மையைச் செய்தார். மினுமினுப்புக்குச் சாக்லேட் சுற்றின ஈயத்தாள். மேற்பூச்சுக்கு உருக்கின போட்டோ நெகட்டிவ். உலகம் அதைக் கவனிக்க இருபத்தாறு வருஷம் ஆனது. 1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகை அந்த லூரைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. அதே இதழின் அட்டையில், அந்த மாதம்தான் இறந்துபோன மர்லின் மன்றோ. இதழ் கடைகளில் நிற்காமல் பறந்தது. ராபலாவுக்கு வந்த ஆர்டர்களைச் செய்து மாளவில்லை. மர்லின் மன்றோவுக்காக வாங்கினவர்கள் மீன் பிடிக்கப் போனார்கள். நம் கடற்கரையில் வஞ்சிரத்துக்கும் சூரைக்கும் இறகையும் மினுக்குத் தாளையும் கட்டி இழுக்கிறார்களே, அதுவும் இதே மூளைதான். அவர்களுக்கு அட்டைப்படம் அமையவில்லை.

ஆசிரியர் இரண்டாம் முறை கூப்பிட்டுவிட்டார். முள்முனையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பல் இல்லை என்றேன், அதை நம்பி மெல்லிய நரம்போடு போய்விடாதீர்கள். ஆபத்து செவுள் மூடியில் இருக்கிறது. 1790-ல் இந்த மீனுக்கு அறிவியல் பெயர் வைத்த பெர்லின் மருத்துவர் பிளாக், அங்கே இருக்கிற முள்ளைப் பார்த்துத்தான் 'கால்காரிஃபர்' என்றார். குதிமுள் தாங்கி என்று அர்த்தம். மூடியின் ஓரமும் சவரக்கத்தி. கொடுவா துள்ளித் தலையை உதறினால் 20 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு) இழை இழையாகப் பிரிந்துவிடும். முனையில் இரண்டடிக்கு 50 பவுண்டு லீடர் கட்டாயம். துள்ளும்போது ராட் நுனியைத் தூக்காமல் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்துங்கள்.

அந்த பிளாக்குக்கு மீன் பிடித்து அனுப்பினவர்களில் ஒருவர் நம் தரங்கம்பாடியில் இருந்த ஜான் பாதிரியார். 1771-ல் வந்தவர், 1813-ல் அங்கேயே இறந்தார். கத்தாழை மீன் இனத்துக்கு பிளாக் 'ஜானியஸ்' என்று அவர் பெயரையே வைத்தார். அதில் ஒரு வகையின் பெயர் 'ஜானியஸ் கருட்டா'. லத்தீனா என்று முழிக்காதீர்கள். தரங்கம்பாடிக் கரையில் சொன்ன கருத்தக் கத்தாழையில் முன்பாதி, அப்படியே பெர்லின் போய்ச் சேர்ந்தது. இதைப் பற்றி ஒரு முழு வாரம் எழுதலாம். எழுதுவேன்.

பாலத்து விளக்கும் மேல்மட்ட லூரும்தான் பாக்கி. தண்ணீர்மட்டத்தில் கொடுவா குடிக்கும்போது காற்றையும் சேர்த்து உறிஞ்சிவிடும். அப்போது வருகிற 'டொப்' சத்தத்தை ரயில் பாலத்தடியில் ராத்திரி கேட்டவர்களுக்கு அடுத்த நாள் வேலை ஓடாது. சத்தம் வரும், மீன் மாட்டாது. அது ஏன், அதற்கு என்ன செய்வது என்பதை இந்தப் பக்கத்தில் அடக்க முடியாது.

நேற்று நானாவிடம் இந்தக் குடிக்கிற கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "அதான் தம்பி, நான் இறாலக் குத்திட்டு நரம்பத் தளர விட்டுடறது" என்றார். பிறகு பழைய ஹவாய்ச் செருப்பில் ஒரு துண்டை எடுத்து, அரிவாள்மனையில் சீவி, ஒரு முனையை மட்டும் குழிவாக்கி என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஆற்றுத் தண்ணீர் வாளியில் போட்டேன். வாயை மேலே காட்டிக்கொண்டு மிதக்கிறது. முள் இன்னும் கட்டவில்லை.

(தொடரும்)