துப்பாக்கியை மறுக்கும் அரசு காவலைத் தரட்டும்

ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் பலமனேரிலிருந்து குப்பம் வரை நீளும் கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயத்தின் ஓரத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு அறுவடைக்கு முந்தைய வாரங்களில் தூக்கம் கிடையாது. தமிழ்நாட்டுக் காடுகளிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் 1980களில் வந்து தங்கிவிட்ட யானைகளுக்காக, 1990இல், ஏறத்தாழ 358 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைக்கப்பட்ட சரணாலயம் அது. யானை ஒரு பக்கம் என்றால் காட்டுப்பன்றி இன்னொரு பக்கம். மாதக்கணக்கில் வளர்த்த கரும்பும் நெல்லும் நிலக்கடலையும் ஒரே இரவில் போய்விடுகின்றன. பட்டாசு, தீப்பந்தம், தகரடப்பா, பரண் காவல் என்று எல்லாவற்றையும் செய்து பார்த்துச் சலித்தவர் கடைசியாகக் கேட்பது, ‘கையில் ஒரு துப்பாக்கி இருந்தால் என்ன?’ என்பதுதான். அமெரிக்காவில் இதே கேள்வி அரசியலமைப்புச் சண்டையாக நடக்கிறது. இங்கே கேட்பவர் உழவர், வயிற்றுப்பாட்டுக்காகக் கேட்கிறார். அவருக்கு ‘கூடாது’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது அநீதி. துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமையாகக் கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் அதை மறுக்கும் அரசு, அதற்கு ஈடான காவலைத் தந்தாக வேண்டும். அந்தக் கடனைத் தீர்க்காத அரசால் சட்டத்தையும் காப்பாற்ற முடியாது.

மக்களிடமிருந்து ஆயுதத்தைப் பிடுங்கியது வெள்ளையர் ஆட்சி. தென்னாட்டுப் பாளையக்காரர் போர் ஓய்ந்ததும், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஆயுதம் ஏந்துவதைத் தடைசெய்து பிரகடனம் வெளியிட்டார். சில ஆண்டுகளில் சித்தூர்ப் பாளையக்காரர்களும் ஒடுக்கப்பட்டார்கள். 1878இல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியருக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. அந்த அவமானம் ஆறாததால்தான் 1931 கராச்சி காங்கிரஸ் தன் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்த்தது. இதை நினைவூட்டி, 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்த உரிமையை அரசியலமைப்பில் எழுதச் சொன்னார். அம்பேத்கர் மறுத்தார். கராச்சித் தீர்மானம் அந்நிய ஆட்சியின் காலத்தில் பிறந்தது. இன்று அப்படி ஓர் உரிமையை எல்லாருக்கும் கொடுத்தால் குற்றவாளிக்கும் கொடுத்ததாகிவிடும் என்பது அவர் வாதம். சபை அவர் பக்கம் நின்றது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும், உரிமமற்ற துப்பாக்கிகள் பெருகுவதைக் கண்டு தானாக வழக்கெடுத்தபோது, அமெரிக்காவைப் போல இங்கே ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல என்பதைச் சுட்டிக்காட்டியது.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. சுதந்திர இந்தியாவின் சட்டம் உழவரை மறக்கவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைக் கேட்பவருக்கு லைசென்ஸ் தர வேண்டும் என்கிறது. மறுப்பதற்கான காரணங்களை அடுத்த பிரிவு வகுத்திருக்கிறது. கலெக்டர் அலுவலகக் காகிதங்களில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதப்படுவது இந்த ஒற்றைக்குழல் துப்பாக்கிதான். 2016 ஆயுத விதிகள் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியையும் சேர்த்தன. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, லைசென்ஸ் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டியது. தேவை உள்ளவர் அதைக் காட்டட்டும், அரசு விசாரித்துத் தரட்டும் என்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படை. இதை நான் சரியென்றே கருதுகிறேன்.

ஏன் உரிமையாகக் கூடாது? அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கும் மேல், 26,328 பேர், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். திருடனை விரட்ட வாங்கிய துப்பாக்கி வீட்டாரின் உயிரையே அதிகம் எடுக்கிறது. ‘சாகத் துணிந்தவர் வேறு வழியில் சாவார்’ என்று சொல்பவர்கள் இலங்கையைப் பார்க்க வேண்டும். 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிகுந்த நாடுகளில் ஒன்றாக இருந்தது அது. கொடிய பூச்சிமருந்துகளை அந்த அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. அதன்பின் தற்கொலை விகிதம் 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. கைக்கெட்டும் இடத்தில் உயிர்க்கொல்லி இல்லையென்றால் பெரும்பாலான மனிதர்கள் அந்தக் கொடிய நிமிடத்தைக் கடந்துவிடுகிறார்கள். விளைச்சல் பொய்த்து, கடன் கழுத்தை நெரிக்கும் வீட்டில் துப்பாக்கி தாராளமாகப் புழங்குவதை உழவர்மேல் அக்கறை உள்ள எவரும் விரும்ப முடியாது. பூச்சிமருந்தாவது ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரத்தைச் சில சமயம் விட்டுவைக்கிறது. துப்பாக்கி அதையும் தருவதில்லை.

குடகைக் காட்டி ஒரு மறுப்பு வரும். கொடவர்களும் அங்குள்ள ஜம்மா என்ற பரம்பரை நிலக்காரர்களும் வெள்ளையர் காலந்தொட்டு லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். மத்திய அரசு அந்த விலக்கை 2029 வரை நீட்டியிருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021இல் அதை ஏற்றது. அங்கே ஊர் சுடுகாடாகிவிடவில்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் அது ஒரு சிறு சமூகம். துப்பாக்கி அங்கே சடங்கோடும் குலப்பெருமையோடும் சேர்ந்த பொருள். அதைத் தவறாகத் தொடுபவரைக் கேள்வி கேட்க ஊரே இருக்கிறது. பழிக்குப் பழி என்று தலைமுறைகளை இழந்த ராயலசீமையில், 2015 நவம்பரில் சித்தூர் மேயரே மாநகராட்சி அலுவலகத்துக்குள் சுட்டுக் கொல்லப்பட்ட மாவட்டத்தில், அந்த விலக்கைக் கொண்டுவந்து நடுவது விபரீதம். கெட்டவன் எப்படியும் கள்ளத் துப்பாக்கி வாங்குவான், நல்லவனை மட்டும் ஏன் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் கேட்கிறார்கள். கள்ளத் துப்பாக்கியைப் பிடிப்பது காவல்துறையின் வேலை. அது சரியாக நடக்கவில்லை என்பதற்காக நல்ல துப்பாக்கிகளையும் பெருக்கினால், திருடுபோகவும் கைமாறவும் புதிய வழிதான் திறக்கும்.

ஆனால் மறுப்பவர்கள் பார்க்காத பக்கம் ஒன்று இருக்கிறது. காவல் கிடைக்காத இடத்தில் உழவர் கைகட்டி நிற்பதில்லை. கருமருந்தும் பால்ரஸ் குண்டும் திணித்த நாட்டுத் துப்பாக்கி வருகிறது. மாவுருண்டைக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காய் வருகிறது. பன்றிக்கு வைத்ததைக் கடித்து மாட்டின் வாய் சிதறுகிறது. வேலியில் திருட்டு மின்சாரம் ஓடுகிறது. பலமனேர்ப் பக்கம் யானைகள் மின்சாரத்தில் மாண்ட செய்தி பலமுறை வந்துவிட்டது. அந்தக் கம்பி மனிதரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. யானைமேல் நாட்டுத் துப்பாக்கியால் சுட்டால் ரவை தோலுக்குள் சீழ் பிடிக்கும். வலி தாங்காத யானை அடுத்த முறை கண்ணில் படும் மனிதரை மிதிக்கும். ஆகவே யானைக்குத் துப்பாக்கி தீர்வே இல்லை. அதற்கு அகழி, சூரிய மின்வேலி, பழக்கப்பட்ட கும்கி யானைகள், நேரத்தோடு எச்சரிக்கும் காவலர்கள் வேண்டும். 2025இல் கர்நாடகம் தந்த நான்கு கும்கிகளும் பலமனேர் அருகே முசலிமடுகு முகாமும் நல்ல தொடக்கம். காட்டுப்பன்றிக்கு வேறு வழி இருக்கிறது. கேரளம் 2022இல், பயிரழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்து, உரிமம் பெற்றவர்களைக்கொண்டு சுட வைக்கிறது. தமிழ்நாடு 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று அறிவித்தது. இரண்டிலும் துப்பாக்கி உண்டு. ஆனால் பயிற்சி பெற்ற கையில், பதில் சொல்லும் பொறுப்போடு இருக்கிறது. ஆந்திரமும் இந்த வழியில் வரட்டும். பன்றி வந்ததாகச் சொன்னால் மறுநாளே ஆள் வரட்டும்.

பலமனேர்ச் சுற்றுவட்டார உழவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் நாட்டுத் துப்பாக்கி இருந்தால் ஒப்படைத்துவிடுங்கள். பயிர்ச் சேதத்துக்கான இழப்பீட்டு மனுவைக் கொடுக்கும்போது தேதியிட்ட ரசீதை விடாமல் கேட்டு வாங்குங்கள். பணம் வந்த நாளையும் அதன் பக்கத்திலேயே குறித்து, ஊர் முழுவதின் கணக்கையும் ஒரே தாளில் சேர்த்துக் கலெக்டரிடம் கொடுங்கள்.