தொலைநோக்கிக்கு முன் தாங்கி ஏன்?

ஆண்ட்ரோமீடா கேலக்ஸியைப் படமெடுக்க விரும்புகிறவர் முதலில் காசு போட வேண்டியது தொலைநோக்கியில் அல்ல, அதைச் சுமந்து வானத்தோடு சுழலும் தாங்கியில். பூமி சுழல்வதால் விண்மீன்கள் நொடிக்கு அதிகபட்சம் 15 விகலை (பாகையில் 3600-இல் ஒரு பங்கு விகலை) நகர்கின்றன. 1000 மி.மீ. குவியத்தூரக் குழாயில் 3.76 மைக்ரான் பிக்சல் கேமராவைப் பொருத்தினால் ஒரு பிக்சலில் அடங்குவது 0.78 விகலைதான், தாங்கி நின்றுபோனால் ஒரே நொடியில் விண்மீன் 19 பிக்சல் வரை இழுபடும்.

பெரிய ஆடி அதிக ஒளி வாங்குமே என்பார்கள். வாங்கும், ஆனால் தாங்கி தடுமாறினால் அந்த ஒளி கோடாகத்தான் விழும். காற்றின் கலக்கமே விண்மீனை 2 முதல் 4 விகலை வரை பரப்பிவிடுவதால் பெரிய ஆடி தரும் நுண்மையிலும் பெரும்பகுதி வீண். குறுநேரப் படங்களை நூற்றுக்கணக்கில் அடுக்கலாமே என்றால், ஒவ்வொன்றிலும் கேமராவின் வாசிப்பு இரைச்சல் சேரும். 400 மி.மீ. குழாயோ பிக்சலுக்கு 1.9 விகலை தந்து தாங்கியின் சிறுபிழைகளை மறைக்கிறது, 3 பாகை நீள ஆண்ட்ரோமீடாவும் (முழுநிலவைப் போல் ஆறு மடங்கு!) கேமராவின் ஏபிஎஸ்-சி அளவு உணரிக்குள் அடங்கிவிடுகிறது.