பழைய ஸ்டாப் வாட்ச்: செலவு செய்யலாமா?

சரக்கு விலையைப் பற்றியே எழுதி வரும் நாம் இம்முறை ஒரு சிறு பொருளின் கணக்கைப் பார்ப்போம். சாவி கொடுத்து ஓடும் பழைய ஸ்டாப் வாட்ச் பல கடைகளின் மேசை அறையில் முடங்கிக் கிடக்கிறது. அதற்குப் பழுதுச் செலவு செய்வது புத்திசாலித்தனமா?

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் நம் மண்டியிலும் தகப்பனார் காலத்து வாட்ச் ஒன்று உண்டு. பொங்கலுக்குத் தெருப் பிள்ளைகளின் ஓட்டப்பந்தயத்துக்கு நேரம் பார்த்தது அதுதான். இப்போது அமுக்கினால் பத்து விநாடி ஓடி நின்றுவிடுகிறது. "செல்போனிலேயே இருக்கே, இதுக்கு எதுக்குக் காசு?" என்கிறார்கள் வீட்டுப் பிள்ளைகள்.

கேட்பதில் நியாயம் உண்டு. சாதாரண ஸ்டாப் வாட்ச்சின் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 தட்டுத் தட்டும். அதாவது விநாடிக்கு 5. ஆகவே முள் ஒவ்வொரு தாவலுக்கும் விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் நகரும். அதற்கு நுட்பமாக அது அளக்காது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி.உஷா 55.42 விநாடியில் ஓடி, 55.41-இல் வந்தவரிடம் வெண்கலத்தை இழந்தார். நம் வாட்ச்சைக் கொண்டு பார்த்திருந்தால் இருவருக்கும் ஒரே நேரம்தான் காட்டியிருக்கும்! எனவே துல்லியம் வேண்டுவோர் 300 ரூபாய்க்கு டிஜிட்டல் வாங்கிக்கொள்வதே மேல். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பழையதை ஓட வைக்க வேண்டும் என்பவருக்குத்தான் கணக்கு. முதலில் பழுது என்ன வகை என்று தெரிய வேண்டும். எண்ணெய் காய்ந்து பிசின் போல ஆகியிருந்தால் முள் தயங்கித் தயங்கி நிற்கும். கழற்றிச் சுத்தம் செய்து புது எண்ணெய் இட்டால் போதும். மெயின் ஸ்பிரிங் அறுந்திருந்தால் சாவி கொடுக்கும்போது இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அமுக்கினால் முள் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லையென்றால், உள்ளே இதய வடிவத் தகட்டின்மேல் விழும் சிறு சுத்தியில் கோளாறு இருக்கலாம். பேலன்ஸின் மெல்லிய அச்சு முறிந்திருந்தால் செலவு ஏறும். கீழே விழுந்த வாட்ச்சில் பெரும்பாலும் இதுதான்.

உதிரிப் பாகம் என்று வந்தால் நிலைமை வேறு. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவையே மூட மத்திய அரசு 2016-இல் ஒப்புதல் தந்துவிட்டது. உள்நாட்டுச் சரக்குக்கே கதி இது என்றால், பிரெஞ்சு நாளில் கப்பலில் வந்ததற்கு யாரிடம் போய்ப் பாகம் கேட்பது? ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. வேறொரு பழுது வாட்ச்சை வாங்கி உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ரிப்பேர்க்காரரிடம் நாம் கேட்டது ஒன்றே: திறந்து பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள், அதற்கு முன் வேண்டாம். திறந்து பார்க்கும் கூலியைத் தனியாகக் கொடுத்துவிட்டோம். நம் அதிர்ஷ்டம், பாகம் எதுவும் போகவில்லை. சுத்தம் செய்ய 800 ரூபாய் கேட்டார், சம்மதித்தோம். அச்சு மாற்ற வேண்டும் என்று 3,000 கேட்டிருந்தால் பேசாமல் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்போம். தகப்பனார் என்ன விலை கொடுத்தார் என்பதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அந்தப் பணம் போனது போனதுதான். உளுத்துப்போன துவரையின் கொள்முதல் விலையை வைத்து இன்றைக்கு விற்க முடிகிறதா என்ன?

கடலோரத்தில் கடை வைத்திருப்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உப்புக் காற்று எஃகு உறுப்புகளைத் தின்றுவிடும். வாட்ச்சை வேலை முடிந்ததும் முழுதும் ஓடவிட்டு, ஸ்பிரிங் தளர்ந்த நிலையில் இறுக மூடிய டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். பழக்க தோஷத்தில் அரிசி மூட்டையில் செருகிவிடாதீர்கள். அந்தத் தூசி உள்ளே போனால் மறுபடியும் 800 ரூபாய்.