பேசாத பிள்ளைக்கு எந்தப் பள்ளி?

"மூன்றே மாதத்தில் உங்கள் பையன் மைக் பிடித்துப் பேசுவான், பாருங்கள் சார்." எல்.கே.ஜி. சேர்க்கைக்குப் போகும் பெற்றோருக்கு இந்த வாக்குறுதி புதிதல்ல. பிள்ளை அம்மாவின் துப்பட்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பெயர் கேட்டால் தரையைப் பார்க்கிறது என்றால் இன்னும் உறுதியான குரலில் கிடைக்கும். கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் அமைதியான, சட்டென்று முகம் வாடிவிடுகிற பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறவர்கள் உஷாராக வேண்டிய இடமே இதுதான். பேசாமல் இருப்பதைப் பழுதாகப் பார்க்கும் பள்ளி, அதைப் பழுதுபார்க்கவும் கிளம்பிவிடும்.

சேர்க்கைப் பரபரப்பு இப்போதெல்லாம் விஜயதசமியை ஒட்டியே தொடங்கிவிடுகிறது. கடைசியில் வீட்டு மேசையில் இரண்டு விண்ணப்பங்கள் மிஞ்சும். ஒன்று ஊருக்கு வெளியே உள்ள பெரிய வளாகம்: ஏ.சி. வகுப்பறை, நீச்சல் குளம், ஒவ்வொரு வகுப்பிலும் எட்டு செக்‌ஷன், சி.பி.எஸ்.இ. மற்றொன்று நான்கு தெரு தள்ளி இருக்கும் பழைய மெட்ரிக் பள்ளி, அல்லது மாடி வீடு ஒன்றில் நடக்கும் மாண்டிசோரி. சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது "எந்த போர்டு?" என்றுதான். எல்.கே.ஜி.க்கு போர்டு தேர்வு கிடையாது. அது வர இன்னும் 11 வகுப்புகள் இருக்கின்றன. மெட்ரிக் பள்ளிகளோ, சமச்சீர்க் கல்வி வந்த பிறகு மாநிலப் பொதுப் பாடத்திட்டத்தைத்தான் நடத்துகின்றன. மூன்றரை வயதுப் பிள்ளையைப் பொறுத்தவரை போர்டு கடைசிக் கேள்வி.

சுபாவமும் சூழலும்

அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி, 1956-ல் நியூயார்க்கில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே கவனிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் பெரியவர்களாகும் வரை அந்த ஆய்வு நீண்டது. புதிய இடம், புதிய ஆள் என்றால் முதலில் ஒதுங்கி, பிறகு தம் வேகத்தில் பழகும் குழந்தைகள் ஏறக்குறைய 15 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். ஹார்வர்டில் உளவியலாளர் ஜெரோம் கேகன், நான்கு மாதக் குழந்தைகளிடம் புதிய ஒலி, வாசனை, அசையும் பொம்மை ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தார். ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதறி அழுதது. பின்னாளில் புதிய சூழலில் தயங்கி நின்றவர்கள் இந்தக் கூட்டத்திலிருந்துதான் அதிகம் வந்தார்கள். எல்லோரும் அப்படியே இருந்துவிடவில்லை என்பதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். ஆக, "பாட்டி செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்ற வழக்கைத் தள்ளுபடி செய்துவிடலாம்.

தாமஸ் – செஸ் ஆய்வின் முக்கியமான முடிவு வேறொன்று. சுபாவம் மட்டுமே தொல்லையாகிவிடுவதில்லை. அந்தச் சுபாவத்துக்கும் சூழல் கேட்பதற்கும் ஒத்துப்போகாதபோதுதான் தொல்லை தொடங்குகிறது. பிற்பாடு ஜே பெல்ஸ்கி, தாமஸ் பாய்ஸ் போன்ற ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். நுண்ணுணர்வு மிக்க குழந்தைகள் மோசமான சூழலில் மற்றவர்களைவிட அதிகம் வாடுகிறார்கள். நல்ல சூழலில் மற்றவர்களைவிட அதிகம் மலர்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். எங்கே போட்டாலும் முளைத்துவிடும் பிள்ளைக்குச் சுமாரான பள்ளி போதும். இந்தப் பிள்ளைக்குத்தான் தேர்வு முக்கியம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம் பள்ளிக்கு ரேங்க் பட்டியலை மட்டும் பார்க்கிறோம்.

மிஸ் யார், ஆயாம்மா யார்?

ஓப்பன் ஹவுஸ் அன்று போய்ப் பார்த்துப் பயனில்லை. அன்று பலூன் கட்டியிருப்பார்கள். சாதாரண வேலைநாளில், முடிந்தால் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். உள்ளே விடமாட்டோம் என்றால் பள்ளி விடும் நேரத்தில் கேட்டருகே அரைமணி நேரம் நில்லுங்கள். பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள், ஷூ லேஸ் அவிழ்ந்த குழந்தையிடம் ஆயாம்மா என்ன குரலில் பேசுகிறார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். தாளாளர் பேசுவது பெற்றோரிடம். உங்கள் பிள்ளை தினமும் காணப்போவது வகுப்பு மிஸ்ஸையும் ஆயாம்மாவையும்தான். பல பள்ளிகளில் அழும் பிள்ளையைத் தூக்குவதும், கழிவறைக்கு அழைத்துப்போவதும், டிபன் பாக்ஸைத் திறந்து கொடுப்பதும் ஆயாம்மாதான். அவர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

மிஸ்ஸைப் பற்றியும் அதே கேள்வி: போன வருடம் எல்.கே.ஜி. எடுத்தவர் இந்த வருடமும் இருக்கிறாரா? தனியார் பள்ளிகளில், குறிப்பாகக் கீழ்வகுப்புகளில், சம்பளம் குறைவு. ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பழக மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு, பழகி முடித்த நாளில் மிஸ் ராஜினாமா செய்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீச்சல் குளத்தைவிட இது பெரிய விஷயம்.

எண்ணிக்கையும் முக்கியம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது ஒருவருக்கு 30 பேர். ஒன்றாம் வகுப்புக்கே அதுதான் எல்லை என்றால் எல்.கே.ஜி.யில் இன்னும் குறைவாக இருப்பதுதான் நியாயம். நாற்பது பேர் கத்தும் அறையில், கையே தூக்காத பிள்ளை மிஸ்ஸின் கண்ணில் படுவதே அபூர்வம். தொல்லை தராததால் 'குட் பாய்' என்று ஸ்டார் ஒட்டிவிடுவார்கள். ஆண்டு முடியும்போதும் அவனுக்கு என்ன தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. "பதில் சொல்லாத பிள்ளை கற்றுக்கொண்டதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று மிஸ்ஸிடமே கேளுங்கள். படம் வரையச் சொல்வேன், தனியாகக் கூப்பிட்டுக் கேட்பேன், விளையாடும்போது கவனிப்பேன் என்று ஏதாவது ஒரு வழி சொன்னால் நல்ல இடம். "எல்லாரையும் பேச வைத்துவிடுவோம்" என்பது பதிலாகாது.

இரைச்சலையும் கவனியுங்கள். வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நம் ஊர்ப் பள்ளிகளில் அதை எதிர்பார்ப்பது பேராசை. ஆனாலும் மெயின் ரோட்டுப் பக்கமா, தகரக் கூரையா, காலை வழிபாட்டுக்கு ஒலிபெருக்கி அலறுகிறதா என்று காதை வைத்துப் பார்க்கலாம்.

வாயைக் கட்டும் விதி

பள்ளியில் பிள்ளை பேசவில்லை என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் ஒளிந்திருப்பது ஆங்கிலம். வீட்டில் தமிழில் வாய் ஓயாத பிள்ளை, 'நோ டமில்' என்ற வளாகத்துக்குள் நுழைந்ததும் மௌனமாகிவிடுகிறது. புதிய மொழிக்குள் போகும் குழந்தைகள் சில வாரமோ சில மாதமோ கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது இயல்பு. தைரியசாலிப் பிள்ளை தப்பும் தவறுமாக உளறிக் கடந்துவிடும். தப்பு வந்துவிடுமோ என்று அஞ்சும் பிள்ளைக்கு மௌனமே பாதுகாப்பு. அதன் மேல் அபராதம், வகுப்புத் தலைவனின் புகார்ப் பட்டியல் எல்லாம் சேர்ந்தால் தண்ணீர் வேண்டும், வயிறு வலிக்கிறது என்பதைக்கூடச் சொல்ல வழியில்லை.

அதனால் இரண்டு பள்ளிகளிலும் தவறாமல் கேட்க வேண்டியது: "எல்.கே.ஜி.யில் தமிழில் பேசினால் என்ன செய்வீர்கள்?" தமிழில் கேட்டதற்கு மிஸ் ஆங்கிலத்தில் இதமாகத் திருப்பிச் சொல்லி நடத்துகிற பள்ளி வேறு, வாயை மூடச் சொல்கிற பள்ளி வேறு. என் கணிப்பில், அமைதியான பிள்ளைக்கு இந்த ஒரு பதிலே பாதித் தீர்ப்பு.

கூடவே கழிவறையைப் பாருங்கள். கூச்சம் உள்ள பிள்ளை அனுமதி கேட்டுக் கையைத் தூக்காது. மாலை வரை அடக்கும். அடக்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிக்காது. பாட்டில் தினமும் நிறைந்தபடி வீடு திரும்பினால் பிள்ளையைத் திட்டாமல் பள்ளியில் விசாரியுங்கள். கேட்காமலே குறித்த நேரத்தில் எல்லோரையும் அழைத்துப்போகும் வழக்கம் இருந்தால் பிரச்சினையே எழாது.

தூரமும் கணக்கில் சேரும். காலை ஏழு மணிக்கு வேன் ஏறி, முப்பது பேரின் கூச்சலில் ஒரு மணி நேரம் போகும் குழந்தை, முதல் மணி அடிக்கும் முன்பே களைத்துவிடும்.

மாண்டிசோரி என்றால்?

மரியா மாண்டிசோரி 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். உலகப் போர் வந்ததால் ஆண்டுக்கணக்கில் இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் சில காலம் வேலை செய்தார். அவருடைய முறையில் சுமார் மூன்று முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பார்கள். ஒரே ஆசிரியரிடம் மூன்று ஆண்டு, தானே தேர்ந்தெடுத்த வேலை, உரக்கப் பேசாத ஆசிரியர் என்று மூன்றுமே ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்கு ஏற்றவை. சிக்கல் என்னவென்றால், அந்தப் பெயரை எந்தப் பள்ளியும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். உள்ளே போனால் வரிசையாக பெஞ்சு, நான்கு கோடு நோட்டு. கலந்த வயதுக் குழு இருக்கிறதா, ஆசிரியர் எங்கே பயிற்சி பெற்றார் என்று கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும்.

சின்னப் பள்ளி எல்லாம் நல்லது என்றும் இல்லை. ஒன்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இவனைப் போன்ற இன்னொருவன் கிடைக்காமல் போகலாம். இருநூறு பேரில் நிச்சயம் ஒருவன் இருப்பான். அப்படி ஒரே ஒரு நண்பன் போதும். நல்ல பெரிய பள்ளியில் சிறப்பாசிரியரும் ஆலோசகரும் இருக்கலாம். 'முழுச் சுதந்திரம்' என்று சொல்லும் சில மாற்றுப் பள்ளிகளோ, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்க விரும்பும் பிள்ளைக்குத் தலைசுற்றலாக இருக்கும்.

நேர்காணல் பற்றி ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு, சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டுவதைத் தடைசெய்து அபராதமும் விதிக்கிறது. சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது என்ற சாக்கில், எல்.கே.ஜி.யில் 'இன்டராக்‌ஷன்' என்ற பெயரில் அது தொடர்கிறது. உங்கள் பிள்ளை வாயே திறக்கவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்று பாருங்கள்: பென்சிலையும் தாளையும் நகர்த்திவிட்டுக் காத்திருக்கிறாரா, கடிகாரத்தைப் பார்க்கிறாரா?

அமைதி எல்லாமே சுபாவம் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது பரிசோதனை முதலில். வீட்டில் தாராளமாகப் பேசும் பிள்ளை, தெரிந்த மொழியிலும் பள்ளியில் ஒரு சொல்கூடப் பேசாமல், அதுவும் முதல் மாதத்தைத் தாண்டி நீடித்தால் அது 'தேர்ந்த மௌனம்' என்ற பதற்றக் கோளாறாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. கண்ணைப் பார்ப்பதிலோ, மற்றவர்களோடு விளையாடுவதிலோ, பேச்சு வளர்ச்சியிலோ சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரையோ, அரசின் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தையோ அணுகலாம்.

சேர்த்த பிறகும் முடிவு கல்வெட்டு அல்ல. முடிந்தவரை ஆண்டுக் கட்டணம் முழுவதையும் ஒரே தவணையில் கட்டிவிடாதீர்கள். முதல் மாத அழுகையை வைத்துப் பள்ளியை எடைபோட வேண்டாம். காலாண்டு விடுமுறை முடிந்து திரும்பிப் போகும் காலையைக் கவனியுங்கள். அப்போதும் வயிற்றுவலி, தூக்கத்தில் அலறல், விட்டிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வருவது என்றால் மிஸ்ஸோடு உட்கார்ந்து பேசுங்கள். அதற்குப் பிறகும் மாறவில்லை என்றால் வரும் ஜூனில் வேறு பள்ளி. அடித்தார்கள், எல்லோர் முன்னிலும் அவமானப்படுத்தினார்கள் என்றால் ஜூன் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு இரண்டையும் தடைசெய்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098.