வரைபடத்தில் பெயர் பொறிக்கும் முறை

நூல் விலையையும் பருத்தி வரத்தையும் காட்டும் வரைபடத்தில் கோடுகள் மட்டும் இருந்தால் போதாது. எக்கோடு எதைக் குறிக்கிறதென்று அறியாத அங்கத்தினர், சங்கக் கணக்கைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்க இயலாது. ஆகவே, கணிப்பொறிக்குக் கட்டளை எழுதிப் படம் வரைவோர் பெயர் பொறிக்கவும் அறிந்திருத்தல் அவசியம்.

2001-ஆம் ஆண்டில் தர நிர்ணயம் பெற்ற எஸ்.வி.ஜி. முறையில் ‘டெக்ஸ்ட்’ என்னும் கட்டளை எழுத்துக்களை இடுகிறது. அதற்கு இடது ஓரத்திலிருந்தும் மேல் ஓரத்திலிருந்தும் உள்ள தூரங்களைத் தரவேண்டும். இரண்டாவது தூரம் எழுத்தின் தலையை அன்று, எழுத்து அமரும் அடிக்கோட்டையே குறிக்கும். அதைப் பூஜ்யமாக வைத்தால் எழுத்தின் பெரும்பகுதி படத்துக்கு மேலே மறைந்துவிடும்.

‘டெக்ஸ்ட்-ஆங்கர்’ என்பதற்கு ‘மிடில்’ என எழுதினால் பெயர் அப்புள்ளியின் இருபுறமும் சமமாக அமையும். ‘எண்ட்’ என்றால் அங்கே முடியும். அளவை ‘ஃபான்ட்-சைஸ்’ என்பதும், நிறத்தை ‘ஃபில்’ என்பதும் தீர்மானிக்கும். பின்னர் எழுதியது முன்னர் எழுதியதன்மேல் படியுமாதலால், பெயர்களைக் கடைசியில் இடுதல் நன்று.

நிற்க. படத்தைக் காணும் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லையேல் வெற்றுக் கட்டங்களே தோன்றக்கூடும். அச்சுக்கு அனுப்புமுன் எழுத்துக்களை உருவக் கோடுகளாக மாற்றினால் இத்தொல்லை இல்லை.

நிறத்தை மட்டும் நம்பலாகாது. கறுப்பு வெள்ளை அச்சில் சிவப்பும் பச்சையும் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு கோட்டின் அருகிலும் அதன் பெயரை எழுதுக. அங்கத்தினர் தாமே படித்துணரும் கணக்கே கூட்டுறவுக்கு உகந்த கணக்காகும்.