தோல் பை தைக்கப் போறோமா? மெஷின் கடைசியில்!



பட்டாசு வேலை இல்லாத மாதங்களில் தோல் பர்ஸ், பை தைக்கலாமா என்று குழுக்களில் கேட்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் கடன் கைக்கு வந்ததும் மெஷின் வாங்க ஓட வேண்டாம்.

வீட்டுத் தையல் மெஷின் தோலுக்குத் தாங்காது. நாலு மடிப்பு வந்தால் ஊசி ஒடியும். தோலை மேலேயும் கீழேயும் சேர்த்து நகர்த்தும் 'வாக்கிங் ஃபுட்' மெஷின்தான் சரி. பணம் கட்டும் முன்னே நம்ம தோல் துண்டைக் கொண்டுபோய்த் தைத்துப் பார்த்துவிடுவோம்.

அதுவரை கத்தி, ஸ்கேல், பஞ்ச், சுத்தியல், ஊசி போதும். பர்ஸைக் கையாலேயே தைக்கலாம். நூல் நைலான் அல்லது பாலியஸ்டர். பருத்தி நூல் நாளடைவில் இற்றுப்போகும்.

தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். சென்னை பெரியமேட்டில் கடைகள் உண்டு. விரித்துப் பார்த்து ஓட்டை, தழும்பு இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கணும். வயிற்றுப் பக்கத் தோல் இழுபடும். கைப்பிடிக்கு முதுகுப் பக்கமே நல்லது.

ஒட்டும் பசை சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்குப் பக்கம் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். நெருப்பைப் பற்றி சிவகாசிக்காரங்களுக்கு நாங்கள் சொல்லவா வேண்டும்?

சென்னை அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பயிற்சியும் தருகிறது. அடுத்த கூட்டத்தில் பேசி, முதலில் இரண்டு பேரை அனுப்புவோம். தொழில் கைக்கு வரட்டும், அப்புறம் மெஷின் வீட்டுக்கு வரட்டும்.